நாத்தனார் வாசித்த வாழ்த்து மடல்

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில், கோயிலில் தாலி கட்டி முடித்து மண்டபத்துக்கு வந்த பிறகு, பந்திக்கு முன்னால் வாழ்த்து மடல் வாசிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்று, பெண் வீட்டார் ஒன்று, வேலை பார்க்கிற இடத்திலிருந்து ஒன்று என்று இரண்டு மூன்று மடல்கள் சட்டம் போட்டு வந்திருக்கும். யாராவது ஒருவர் மேடையேறி, மைக்கைப் பிடித்து, மணமக்களைப் பார்த்து அதை முழுக்க வாசித்து அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நன்றாக வாசித்தால் சனம் கேட்கும். திக்கித் திணறினால் பந்திப் பக்கம் நகர ஆரம்பித்துவிடும்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அச்சடித்த மடலுக்கா பஞ்சம்? தங்க எழுத்து, வெள்ளி எழுத்து, புடைத்து நிற்கிற எழுத்து, எதைக் கேட்டாலும் சாயங்காலத்துக்குள் கையில் தந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நான் கையால் மடல் எழுத ஆசைப்பட்டேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். படிப்பு வராமல் இல்லை. பரீட்சை என்றால் எனக்குக் காய்ச்சல் வரும். முழுப் பரீட்சை அன்றைக்கு வாந்தி எடுத்துப் படுத்தவள் அதற்கப்புறம் பள்ளிக்கூடம் பக்கமே போகவில்லை. காலண்டர் கம்பெனியில் சேர்ந்தேன். இப்போதும் அதே வேலைதான்: தினசரி காலண்டரின் தாள்கட்டுக்கு மேல் தகரப் பட்டை வைத்து அடிக்கிற பிரிவு.

பயம் மட்டும் கூடவே வளர்ந்தது. கேஸை அணைத்துவிட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பார்ப்பேன். வீட்டுக்காரர் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். தாயில்பட்டி பக்கம் பட்டாசு லோடு ஏற்றப் போனால் ஆலைக்குள் போனை அணைத்து வைக்க வேண்டும். அவர் போன் அணைந்திருக்கிற நேரம் முழுக்க என் காது வடக்கேயும் தெற்கேயும் அலையும். எங்கேயோ டிராக்டர் டயர் வெடித்தால்கூட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவேன். "உனக்குப் பயப்படுறதுக்கு ஒரு சீசன் கிடையாதா? வருசம் பூராவுமா?" என்று அவர் கேட்பார்.

இந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் எழுத்து வந்தது. அச்சு இயந்திரத்தில் நிறம் சரிபார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். அதில் ஒரு சாமியும் ஒரு அருவியும் ஒரு கைக்குழந்தையும் ஒருவர்மேல் ஒருவராக ஏறி நிற்பார்கள். ஆனால் முதுகுப்புறம் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஃபோர்மேனிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வருவேன். போனில் ஒருவர் குளிர்பான டப்பாவை வெட்டி மடித்துப் பேனா செய்வதைப் பார்த்தேன். எனக்கு டப்பா எதற்கு? காலடியில் கிடப்பதெல்லாம் தகரத் துண்டு. ஒரு துண்டை முக்கோணமாக வெட்டி, நடுவில் மடித்து, பென்சில் கட்டையில் நூலால் இறுக்கிக் கட்டினேன். கறுப்பு மையில் முக்கித் தாளில் வைத்தால் சாய்த்துப் பிடித்த பக்கம் பட்டையாகவும் நிமிர்த்திப் பிடித்தால் முடி மாதிரியும் ஓடியது. "ழ" எழுதினேன். அதன் வாலை நிறுத்த மனமில்லாமல் அப்படியே இழுத்துச் சுழற்றிவிட்டேன். அந்தச் சுழிப்பு தாளின் ஓரம் வரை போய் நின்றது. அதை எழுதி முடிக்கிற வரைக்கும் எனக்கு கேஸ் ஞாபகம் வரவில்லை.

அதற்கப்புறம் சுழிப்பாகவே போட்டேன். "கே"யின் கொம்பை இடதுபக்கம் கொடியாக ஓட்டுவது, "தி"யின் விசிறியை மேலே பறக்கவிடுவது, "ணு"வின் காலை மூன்று சுற்றுச் சுற்றுவது. போனில் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் போட்டால் கைதட்டலும் பூங்கொத்தும் வந்து குவியும். "சூப்பர் சிஸ்டர்." "செம." எதை எழுதிப் போட்டாலும் அதே பூங்கொத்துதான். எனக்கு அதுவே பெரிய தேறுதலாக இருந்தது.

எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் வந்தபோது, அவர்கள் என்னிடம் மடல் எழுதித் தரச் சொன்னார்கள். முதல் மடல். போட்ட சுழிப்பெல்லாம் போட்டேன். எழுத்து எது, கொடி எது என்று தெரியாத அளவுக்குப் போட்டேன்.

அதை வாசித்தவள் என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. விருதுநகரில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் சபையில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மடல் வாசிப்பது அவள்தான். மைக் இல்லாவிட்டாலும் கடைசி நாற்காலி வரைக்கும் போகிற குரல். அன்றைக்கு அந்தக் குரல் மூன்றாவது வரியில் நின்றது. "வாழிய" என்று ஒரு சொல். அதன் வாலை நான் இரண்டு வரி கீழே வரைக்கும் தொங்க விட்டிருந்தேன். அவள் கண் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே இறங்கி ஐந்தாவது வரியில் போய் விழுந்தது. வாசித்துப் பார்த்தாள், பொருள் ஒட்டவில்லை. மறுபடி மேலே ஏறினாள். வீடியோக்காரரின் விளக்கு வேறு சட்டத்தின் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. சட்டத்தைச் சாய்த்தாள், தூக்கினாள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு ஆள் சத்தமாகவே சொன்னார்: "டாக்டர் எளுதுன சீட்டு மாதிரில இருக்கு போல. நர்சம்மாவே தெணறுதாக!"

மண்டபமே சிரித்தது. நான் சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கேயே கரைந்துவிட மாட்டோமா என்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்து நாத்தனார் நேரே என் அடுப்படிக்கு வந்தாள். சேலையைக்கூட மாற்றவில்லை.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக. நான் சொல்லலைன்னா வேற எவளும் சொல்ல மாட்டா."

"சொல்லு தாயே. நேத்துல இருந்து அதுக்குத்தான் காத்திருக்கேன்."

"நீங்க எழுதுனது பாக்குறதுக்கா, படிக்கிறதுக்கா?"

நான் அடுப்பில் பாலை வைத்தேன்.

"பாக்குறதுக்குன்னா சுவத்துல மாட்டுங்க. நான் குத்தமே சொல்ல மாட்டேன். அம்புட்டு அழகு. படிக்கிறதுக்குன்னா, என்னைய நெனைச்சில எழுதணும்? மேடையில நிக்கிறவ நானு. கால் நடுங்குது, முன்னால ஐந்நூறு சனம் நிக்குது, நீங்க என்னடான்னா எழுத்துக்கு எழுத்து ஊஞ்சல் கட்டி வச்சிருக்கீக!"

"அத்தன பேரும் நல்லா இருக்குன்னுதான சொன்னாக."

"யாரு, போன்லயா? அவுகள்ல ஒருத்தராச்சும் அதை வாய் விட்டு வாசிச்சாகளா?"

நான் காப்பியை ஆற்றி நீட்டினேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் தகரப் பேனாவை மிளகாய் டப்பாவுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டேன்.

காலண்டர் சீசன் வந்தது, வேலை மூச்சு முட்டியது, சீசனும் போனது. அப்போதுதான் வீட்டுக்காரரின் அண்ணன் மகனுக்குக் கல்யாணம் கூடியது. பெண் வீட்டில் எல்லாரும் வாத்தியார்கள். ஈஸ்டர் கழிந்து தேதி வைத்தார்கள். மடல் பேச்சு வந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, எங்கள் வீட்டுப் பெரியவர், "நம்ம சிவகாசியிலயே கம்ப்யூட்டர்ல அடிச்சிருவோம், பளிச்சினு இருக்கும்" என்றார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தெருக் கடைசி வீட்டுக் கல்யாணத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரியும்.

மாப்பிள்ளைப் பையன்தான் வாயைத் திறந்தான். "சித்தி எழுதட்டும். காசு குடுத்தா யாரு வேணா அடிப்பாக. எனக்குச் சித்தி கையெழுத்துதான் வேணும்."

எல்லாரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு அவள் அத்தை. வாசிக்கப் போவது அவள்தான்.

"எழுதட்டும்," என்றாள். "ஆனா ஒண்ணு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் நான் வருவேன். அதுவரைக்கும் ஒரு வரி எனக்குக் காட்டக் கூடாது. தாளை வாங்குவேன், ஒரே மூச்சா வாசிப்பேன். எங்கனயாச்சும் தெணறுனேன்னா, மறுநாளே அச்சுக்குப் போயிரணும். என்ன மதினி, சம்மதமா?"

பரீட்சை. எட்டாம் வகுப்பில் விட்டு ஓடி வந்த அதே பரீட்சை. அச்சுக்குப் போனால் பையனுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் நான் இனிமேல் பேனாவைத் தொட மாட்டேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "சம்மதம்" என்று சொன்னது என் வாய்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், லெந்து காலத்தில், எங்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. கம்பெனியிலும் வேலை குறைச்சல். மிளகாய் டப்பாவுக்குப் பின்னாலிருந்து பேனா வெளியே வந்தது. வாழ்த்துப் பாட்டை எங்கள் சபையில் தமிழ் எடுக்கிற வாத்தியார் ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தார். இருபத்துச் சொச்சம் வரிகள். நாத்தனாருக்கு அந்த வரிகளைச் சொல்லிவிடக் கூடாது என்று அவரிடமும் கேட்டுக்கொண்டேன்.

எழுதிய தாளை இந்த முறை போனில் போடவில்லை. கம்பெனிக்குக் கொண்டுபோனேன். டீ நேரத்தில் எங்கள் பிரிவுப் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். தாளை விரித்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏ ஆத்தி! எம்புட்டு அளகா இருக்கு."

"அதைக் கேக்கல. வாய் விட்டு வாசிங்க."

"எதுக்கு, ஸ்கூல் வச்சிருக்கியா?" என்று ஒருத்தி கேட்டாள். ஆனாலும் தாளை வாங்கி வாசித்தாள். முதல் வரி ஓடியது. இரண்டாவது வரியில் ஒரு சொல்லில் நின்று, தலையைச் சாய்த்து, "ஏக்கா, இது எளுத்தா, தரைச்சக்கரமா? கண்ணு சுத்துதுக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் கையில் இன்னொரு நகல் இருந்தது. அவள் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அதுதான் என் வழியாகிப் போனது. "எப்படி இருக்கு" என்று யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் மனம் நோகாமல் பேசுவார்கள். வாசிக்கச் சொன்னால் பொய் சொல்ல முடியாது. நாக்கு நின்றால் நின்றதுதான். ஒவ்வொரு டீ நேரத்துக்கும் ஒருத்தி வாசிப்பாள், நான் புள்ளி வைப்பேன், வீட்டுக்குப் போய்ப் புள்ளி விழுந்த இடத்திலெல்லாம் சுழிப்பை வெட்டுவேன். வெட்ட வெட்டப் படிப்பது சுலபமானது. ஆனால் தாள் மொட்டையானது. ஒரு நாள் பார்த்தேன், சுத்தமாக நோட்டீஸ் மாதிரி இருந்தது. இதற்கு அச்சிலேயே அடித்துவிடலாமே என்று அழுகை வந்தது.

எங்களோடு இளைப்பு உள்ள ஒரு பெண் வேலை பார்க்கிறாள். நாலு சொல் பேசினால் ஒரு மூச்சு வாங்குவாள். அவளிடம் நான் தாளைக் கொடுத்ததே இல்லை, பாவம் என்று. அவளாகவே ஒரு நாள் கேட்டாள்: "ஏன், நான் மட்டும் படிக்கத் தெரியாதவளா?" கொடிகளைப் பார்த்ததும் அவளே திருப்பித் தந்துவிடுவாள் என்று நினைத்து, மொட்டைத் தாளை விட்டுவிட்டுப் பழைய தாளை, கொடியெல்லாம் ஓடுகிற தாளைக் கொடுத்துவிட்டேன்.

அவள் வாசித்தாள். மற்றவர்கள் தடுக்கி விழுந்த இடங்களில் பாதியில் அவளும் விழுந்தாள். மீதி இடங்களில் விழவில்லை. நின்றாள், மூச்சு வாங்கினாள், மூச்சு வாங்குகிற நேரத்தில் கண் அந்தச் சுழிப்பின் மேலேயே சாவகாசமாக ஓடி, அது முடிகிற இடத்தில் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டது. நான் பென்சிலை வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

"என்னடி அப்படிப் பாக்க? தப்பாப் படிச்சுட்டேனா?"

"இல்லக்கா. இன்னொருவாட்டிப் படிங்க. மெதுவா, உங்க இஷ்டத்துக்கு மூச்சு வாங்கிப் படிங்க."

சுழிப்பு எப்போதுமே தொல்லை இல்லை. வாய் ஓடுகிற இடத்தில் குறுக்கே வந்தால்தான் தொல்லை. வாய் ஓய்கிற இடத்தில் இருந்தால் அது உட்கார ஒரு பலகை. வரி முடிகிற இடத்தில், பொருள் முடிகிற இடத்தில், பெயரைச் சொல்லிவிட்டு ஒரு கணம் நிற்கிற இடத்தில், அங்கெல்லாம் நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம். மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அன்றைக்கு வீட்டுக்குப் போய் மொத்தத்தையும் புதிதாக எழுதினேன். புள்ளிகளுக்குப் பதிலாக மூச்சு வாங்குகிற இடங்களைக் குறித்துக்கொண்டு, அங்கே மட்டும் கொடியை ஓட்டினேன்.

இன்னொரு குறை மிச்சம் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் நாத்தனார்தான். டூட்டி முடிந்து வரும் வழியில் கீரை கொடுக்க வந்தவள், சுவரோரம் காயப் போட்டிருந்த பயிற்சித் தாள்களைப் பார்த்துவிட்டாள். அவற்றில் சொற்கள் இல்லை, வெறும் சுழிப்புகள்தான். அதனால் நான் மறைக்கவில்லை.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "மதினி, இந்தக் கோடு ஏன் இங்கன நடுங்குது?"

"எங்கன?"

"இந்தா. நல்லா வருது, வருது, வளைவுல வந்ததும் கால் பின்னிக்கிருது பாருங்க."

உண்மைதான். எல்லாத் தாளிலும் வளைவுக்குச் சற்று முன்னால் கோடு மெல்லிதாக நெளிந்திருந்தது. தப்பாகிவிடுமோ என்று நான் கையை மெதுவாக்குகிற இடம் அது.

"ஊசி போடுறப்ப புதுசா வந்த பிள்ளைக இப்படித்தான்," என்றாள். "வலிக்குமேன்னு தயங்கித் தயங்கிக் குத்துதுக. அதுதான் வலிக்கும். எங்க குத்தணும்னு மொதல்ல பாத்துக்கணும். பாத்தாச்சுன்னா அப்புறம் யோசிக்கக் கூடாது, சடக்குனு போயிறணும். நீங்க போற வழியில யோசிக்கீக."

"நான் யோசிக்காம எப்ப இருந்திருக்கேன்?"

"யோசிங்க. யாரு வேண்டாம்னா? பேனாவத் தாள்ல வைக்கிறதுக்கு முந்தியே யோசிச்சு முடிச்சுருங்க."

இது எனக்கென்றே சொன்ன மருந்து. பயப்படாதே என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அது எனக்கு முடியாத காரியம். பயத்தை முன்னாலேயே தீர்த்துக்கொள் என்றால் முடியும். பேனாவில் மை தொடாமல், தாளுக்கு மேலே காற்றில் அந்தச் சுழிப்பை ஓட்டிப் பார்ப்பேன். எங்கே கவிழும், எங்கே மோதும், மை எங்கே தீரும் என்று எல்லாக் கவலையும் பட்டுவிடுவேன். பிறகு மையைத் தொட்டு, ஒரே இழுப்பு. முதலில் தாறுமாறாகப் போனது. அப்புறம் கோடு நிமிர்ந்தது. காலண்டர் தாள்களின் முதுகெல்லாம் கறுப்புக் கொடியாகப் படர்ந்தது. வீட்டுக்காரர் சாப்பிடத் தட்டு வைக்க இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்ட நாளும் உண்டு.

சொன்னபடி வந்தாள் நாத்தனார். வீட்டுக்காரர், அவர் அண்ணன், மாப்பிள்ளைப் பையன், எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தாளைக் கொடுத்துவிட்டு அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மேடையில் நிற்கிற மாதிரியே நின்று, தாளைக் கை நீளத்துக்குப் பிடித்து, ஆரம்பித்தாள்.

ஓடியது. வரி வரியாக ஓடியது. நான் நினைத்த இடங்களில் மூச்சு வாங்கினாள். மணமக்கள் பெயர் வரும் வரிக்கு வந்தாள். பெயர்களை வாசித்தாள். நின்றாள். அடுத்த வரியின் தலையைக் காணாமல் தேடினாள்.

பெயர்களுக்குக் கீழே நான் ஒரு பெரிய சுழிப்புப் போட்டிருந்தேன். இரண்டு கொடிகள் பிணைந்து ஒன்றாகப் போகிற மாதிரி. மொத்த மடலில் எனக்கு உயிரே அதுதான். அதன் நுனி இறங்கி அடுத்த வரியின் முதல் எழுத்துமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

பெரியவர் தொண்டையைச் செருமினார். நாத்தனார் மீதியை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு எடம்."

"அப்ப அச்சுக்கா?" என்றார் பெரியவர்.

"இருங்கண்ணே. மதினி, இந்தக் கொடிய எடுத்துருவீகளா?"

"அதை மட்டும் எடுக்கச் சொல்லாத," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அங்க எல்லாரும் நிப்பாக. பேரச் சொன்னதும் சனம் கை தட்டும். நீ நிக்கத்தான் போற. அங்க ஒண்ணும் இல்லாம மொட்டையா இருந்தா உன் கண்ணு எங்க நிக்கும்?"

அவள் புருவத்தைத் தூக்கினாள். "சரி. அப்ப அது ஏன் அடுத்த வரிக்காரி தலையில உக்காந்திருக்கு?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. கொடியில் தப்பில்லை, அது இறங்கி நின்ற இடத்தில்தான் தப்பு. அங்கேயே உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பழைய தாளில் அதைத் திருப்பி எழுதினேன். நுனியை இடதுபக்கம் கொண்டுபோய், அடுத்த வரி தொடங்குவதற்குச் சற்று முன்னால், வெற்றிடத்தில் விட்டேன். காற்றில் ஒரு முறை ஓட்டிவிட்டு, மை தொட்டு, ஒரே இழுப்பு.

நாத்தனார் அதன்மேல் விரலை வைத்து ஓட்டினாள். விரல் கொடியோடு போய், இடதுபக்கம் திரும்பி, வரியின் வாசலில் நின்றது. "அடேயப்பா," என்றாள். "இது கையப் பிடிச்சுல கூட்டிட்டுப் போயி விடுது." பிறகு அண்ணனைப் பார்த்து, "அச்சும் வேண்டாம், கிச்சும் வேண்டாம். மதினியே எழுதட்டும்" என்றாள். பையன் விசில் அடித்தான். அவன் அப்பாவிடம் திட்டு வாங்கினான்.

நல்ல அட்டையில் எழுத வேண்டும். எனக்கு எப்போதும் கடைசி வரிகளில்தான் கெடும். இத்தனையும் நன்றாக வந்துவிட்டதே, இப்போது கெட்டால் எல்லாம் போச்சே என்று கை நடுங்கும். அதனால் கடைசி வரியை முதலில் எழுதினேன். கீழிருந்து மேலே, ஒவ்வொரு வரியாகக் காயவிட்டு ஏறினேன். முடிகிற நேரத்தில் கை எழுதிக்கொண்டிருந்தது முதல் வரியை. முதல் வரியில் எனக்கு எப்போதும் தைரியம் உண்டு. சட்டக் கடைக்காரரிடம், "கண்ணாடி போடாதீக, கல்யாணம் முடிஞ்சு வந்து போட்டுக்கிடுதோம்" என்றேன். "தூசி படுமேம்மா" என்றார். "படட்டும்ணே, வெளிச்சம் படக் கூடாது" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கல்யாணத்தன்று பெண் வீட்டு மடல் முதலில் வந்தது. தங்க எழுத்து, தடித்த கண்ணாடி. பெண்ணின் பெரியப்பா, தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பீரமாக வாசித்தார். ஆனால் வீடியோ விளக்கு கண்ணாடியில் விழுந்து, அவர் சட்டத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. என் பயம் ஒன்று வீண்போகவில்லை என்று வாழ்க்கையில் முதல்தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

பிறகு நாத்தனார் ஏறினாள். சட்டத்தை வாங்கினாள். ஆரம்பித்தாள்.

அவள் அப்படி வாசித்து நான் கேட்டதில்லை. பந்திப் பக்கம் நகர்ந்தவர்கள் நின்றார்கள். பெயர்கள் வந்தன. கைதட்டல் எழுந்தது. அப்போது அவள் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மடலிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், சிரித்தாள். மேடையில் நிற்கிறோம், தாளில் தொலைந்துவிடுவோம் என்ற பயமே இல்லாமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கைதட்டல் ஓய்ந்ததும் கண்ணைத் தாழ்த்தினாள். தேடவில்லை. கொடி அவளை அடுத்த வரியின் வாசலில் கொண்டுபோய் விட்டது. வாசித்தாள்.

முடித்துவிட்டு, மடலைக் கொடுத்துவிட்டு, மைக்கில் சொன்னாள்: "இதை எழுதுனது எங்க மதினி. கையால எழுதுனது. கம்ப்யூட்டர்னு நெனைச்சுராதீக."

சனம் திரும்பி என்னைத் தேடியது. நான் ஒளியவில்லை. நடுவரிசையில் எழுந்து நின்று கும்பிட்டேன். கால் நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேடையை விட்டு இறங்கி வந்தவளிடம், "எங்கயாச்சும் தெணறுச்சா?" என்று கேட்டேன்.

"கேப்பீகன்னு தெரியும்," என்றாள். "இன்னைக்கு ஒரு நாளாச்சும் சும்மா இருங்க மதினி. வாங்க, பிரியாணி தீந்துரும்."

பந்திக்குப் போகிற வழியில் பரிசுப் பொருள் மேசை. அங்கே பெண்ணின் பெரியப்பா, அந்தத் தலைமையாசிரியர், தனியாக நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி இல்லாத எங்கள் சட்டத்தைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யாருக்கும் இல்லாமல் தனக்கே வாய் விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள், நான் நகரவில்லை. என்னைத் தெரியாத மனிதர், முன்னே பின்னே பார்க்காத எழுத்து. ஒவ்வொரு வரியாக வந்தார். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் மூச்சு வாங்கினார். பெயர்களுக்கு வந்து நின்றார். அவர் விரல் தானாக எழுந்து கொடியின் மேல் ஓடியது. மீதியையும் தடங்கலில்லாமல் வாசித்து முடித்து, சட்டத்தை மேசையில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார்.

நான் பந்திக்குப் போய் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.